எல்லாம் நல்லாக் கிடக்கு

எனக்கு வாய் கூட. இதை நான் சொல்லத் தேவையில்ல, செட்டிபாளையத்துல ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மழை பெய்தாலும் ஏசுவன், பெய்யாட்டியும் ஏசுவன். சண்டைக் காலத்துல ஒருதரம் ஊரை விட்டு ஓடி, கோயில் மடத்துல கிடந்திற்றுத் திரும்பி வந்து பார்த்தா, வளவுல ஒரு கோழி இல்ல, கிணத்து வாளியும் இல்ல. முத்தத்துல குந்தி இருந்து தலையில அடிச்சு அழுதன். வாளி எடுத்தவன்ட பரம்பரையையே இழுத்து ஏசினன். அழுது முடிஞ்ச கையோட பசி வந்திற்று. தங்கச்சி வீட்டுல இருந்த சோத்தைச் சம்பலோட குழைச்சுத் திண்டிற்றுப் படுத்தன். நல்ல நித்திரை.

என்ட மனுசன் அப்படியில்ல. வாளி போன இடத்தைப் பார்த்தார், கயிறு கிடந்திச்சு, அதைச் சுருட்டி வச்சார். “கிணறு கிடக்குத்தானே புள்ள” எண்டார். சிரிப்பு வேற. தங்கமான மனுசன், என்ன பொறுமை எண்டு ஊரே சொல்லும். நானும் பொறுமை எண்டுதான் நினைச்சன். ஆனா அண்டைக்கு அவர் சோறு திங்கல்ல எண்டது எனக்கு மறுநாள் தங்கச்சி அவருக்கு எடுத்து வச்ச பானையைத் திறந்து பார்க்கக்கதான் தெரிஞ்சிச்சு.

எங்கட ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வயல் வாவிக்கு அங்கால, படுவான்கரையில. எனக்கும் தங்கச்சிக்கும் சீதனமா வந்த காணி, ஒரே வயல் வட்டையில பக்கத்துப் பக்கத்து வரம்பு. வீடும் அப்படித்தான், அம்மா ஒரு வளவை ரெண்டாப் பிரிச்சுத் தந்தது. வேலிக்கு இங்கால நான், அங்கால அவள். அவள்ட மனுசனும் என்ட மனுசனும் சேர்ந்துதான் வெள்ளாமை செய்தாங்க. அந்தக் காலத்துல வாவியைக் கடக்கிறது லேசான வேலையில்ல. தோணித் துறையில ஆமிச் சோதனை. யூரியா தடை, கொண்டு போக ஏலா. ஒரு நாள் தோணி விடுவாங்க, மறுநாள் விட மாட்டாங்க. பசளை இல்லாமக் கிடந்த பயிரைப் பார்த்திற்று வந்து தங்கச்சி மனுசன் படலையடியில நிண்டே கத்துவான், “மச்சாள், பயிரெல்லாம் செங்கமாரி புடிச்ச மாதிரி மஞ்சளாக் கிடக்கு!” எண்டு. பின்னால வாற இவரிட்டக் கேட்டா, “நல்லாக் கிடக்கு.”

ரெண்டு பேரும் பார்த்தது ஒரே வயல்தான்.

இந்த ‘நல்லாக் கிடக்கு’ எங்க இருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும். நெல்லுச் சூடடிக்கிற களத்துல இருந்து வந்தது. எங்கட ஆக்கள் களத்துக்குள்ள இறங்கினா அங்க வேற கதைதான். செருப்போட போகப்படாது. ‘இல்ல’, ‘காணாது’, ‘முடிஞ்சுது’ எண்ட சொல்லு வாயில வரப்படாது. சாக்கு முடிஞ்சா ‘சாக்கு பெருகிற்று’ எண்டுதான் சொல்லணும். நெல்லைப் பொலி எண்டு சொல்லணும். குறையான கதை கதைச்சா, பூதம் கேட்டிற்றுப் பொலியை அள்ளிக்கொண்டு போயிடுமாம். நெல்லை மூட்டையாக் கட்டிக் களத்தை விட்டு வெளியில எடுக்கும் வரைக்கும் இதுதான் சட்டம். நான் இதைப் பழிக்கல்ல. பாடுபட்ட நெல்லு கண்ணுக்கு முன்னால குவிஞ்சு கிடக்கக்க ஒரு நாளைக்கு நல்ல வார்த்தை கதைச்சா என்ன? தங்கச்சி மனுசனும் களத்துல அப்படித்தான் கதைப்பான். வெளியில வந்து செருப்பை மாட்டின உடனே பழையபடி ஏசத் தொடங்கிடுவான். என்ட மனுசன் மட்டும் களத்தை வீட்டுக்கும் கொண்டு வந்திற்றார்.

“அரிசி இல்ல” எண்டு நான் சொன்னா அவர்ட முகம் சுருங்கும். “அப்பிடிச் சொல்லாத புள்ள. பெருகிற்று எண்டு சொல்லு.”

“பெருகின அரிசியை எந்தப் பானையில போட்டு அவிக்கிற?” எண்டு கேட்பன். சிரிச்சுப் போட்டு எழும்பிப் போயிடுவார்.

ஒரு வருசம் வெள்ளாமை வெள்ளத்துல போயிற்று. அடுத்த வருசம் கதிர் முத்திக் கிடக்கக்க சண்டை பெருத்து, துறையில ஒரு தோணியும் ஓடல்ல. இங்கால கரையில நிண்டு பார்த்தா அங்கால கரை தெரியும், போகத்தான் ஏலாது. கதிர் தானாக் கொட்டி, கிளியும் எலியும் திண்டது போக மிச்சம் மண்ணுல முளைச்சுப் போயிற்று. பிறகு பாதை திறந்து போய்ப் பார்த்திற்று வந்த அண்டைக்குத் தங்கச்சி மனுசன் முத்தத்து மண்ணை அள்ளி எறிஞ்சு ஏசினான். தங்கச்சி அழுதாள், நானும் சேர்ந்து அழுதன். கொஞ்ச நேரத்தால அவனே மூக்கைச் சிந்திப் போட்டு, “சரி மச்சாள், இந்தமுறை கிளி திண்டிற்று. அடுத்தமுறை நாம திம்பம்” எண்டு அத்தாங்கு வலையைத் தூக்கிக்கொண்டு வாவியில இறால் வடிக்கப் போயிற்றான். அவனுக்கும் நட்டம்தான், எங்களை விடக் கூட.

இவர் வந்து கால் கழுவினார்.

“எப்பிடிக் கிடக்கு மச்சான்?” எண்டு கேட்டன். தெரிஞ்சு கொண்டுதான் கேட்டன்.

“நல்லாக் கிடக்கு.”

எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த அகப்பையை எறிஞ்சன். அதையும் எடுத்துக் கழுவித் தந்தார், அந்த மனுசன்.

அதுக்குப் பிறகுதான் உடம்பு மாறத் தொடங்கினது. நித்திரை இல்ல. பிடரி வலிக்குது எண்டு சொல்ல மாட்டார், ஆனா கை எந்த நேரமும் பிடரியில இருக்கும். சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு கோப்பையோட வச்சிற்று எழும்புவார். நான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன், எண்ணெய் வச்சுத் தேய்ச்சன், கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வச்சன். ஆசுபத்திரிக்குப் போவம் எண்டா, “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கன்.”

மூண்டாவது வெள்ளாமை விளைஞ்சிச்சு. இது எனக்கு இண்டைக்கும் விளங்காத விசயம். நட்டப்பட்ட வருசமெல்லாம் தாங்கிக்கொண்டு நிண்ட உடம்பு, விளைஞ்ச வருசம்தான் விழுந்தது. இதுவும் கையை விட்டுப் போயிடுமோ எண்டு ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள்ள செத்துச் செத்துத்தான் அந்த மனுசன் அறுவடை வரைக்கும் வந்திருக்கார் போல. என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல.

சூடடிக்கிற அண்டைக்கு விடியக்காலையிலேயே இடது கை மரத்துப் போயிருக்கு. சாக்கைப் புடிக்க விரல் மடங்கல்ல. நிற்கிறது களத்துல. ‘கை ஏலாது’ எண்டு அங்க எப்பிடிச் சொல்லுற? உழவு மெசின் சுத்திச் சுத்தி மிதிக்குது, பொலி குவியுது, ஆக்கள் பெருகுது பெருகுது எண்டு கதைக்காங்க. இவர் ஒத்தைக் கையால சாக்கு வாயைப் புடிச்சுக்கொண்டு நிண்டிருக்கார். பின்னேரம் கடைசி மூட்டை களத்தை விட்டு வெளிய போகும் மட்டும் வாயைத் திறக்கல்ல. மூட்டை போன பிறகு தங்கச்சி மனுசன் கிறுகிப் பார்த்தா, இவர் வைக்கல்ல இருக்கார், வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு. அப்பவும் என்ன சொன்னார் தெரியுமா? குழறிக் குழறி, “நல்லா… விளைஞ்சிருக்கு.”

தோணியில போட்டுக் கொண்டு வந்தாங்க. துறையில நிண்ட வரிசையில, ஏலாத ஆள் எண்டு கெஞ்சி முன்னுக்கு விட வச்சாங்களாம். நான் இங்கால கரையில ஓடி வந்து பார்த்தன். அந்த வாயைப் பார்த்த உடனே எனக்கு வாய் வரல்ல. ஏசவும் வரல்ல, அழவும் வரல்ல. என்ட வாழ்க்கையில அப்படி ஒரு நேரம் அதுக்கு முன்னால வந்ததேயில்ல.

ஆசுபத்திரியில டொக்டர் ஒரு சின்னப் பொம்புளப் புள்ள, வெளியூர். “எப்ப தொடங்கினது ஐயா?” எண்டு கேட்டா. தங்கச்சி மனுசன்தான், “விடியக்காலையில இருந்தாம், இப்பதான் எங்களுக்கே தெரியும்” எண்டான். டொக்டருக்குக் கோபம் வந்திற்று. ஒரு பகல் முழுக்க ஏன் சொல்லல்ல எண்டு கேட்டா. களத்துல சொல்லப்படாது எண்டு அவன் சொன்னான். டொக்டர் எங்கள் மூண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. அவவுக்கு எப்பிடி விளங்கும்? எனக்கே விளங்கல்லயே. அப்பதான் என்ட வாய் திறந்திச்சு. “பூதத்துக்குப் பயந்து என்னை அறுதலியாக்கப் பார்த்தீங்களே மச்சான்!” எண்டு வாட்டே கிடுகிடுக்கக் கத்தினன்.

கடவுள் புண்ணியம், உயிர் தப்பிற்று. வாய் நேராகிற்று. கையும் மெல்ல மெல்ல வந்திச்சு, விரல் புடி மட்டும் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு அனுப்பக்க டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டா. “அம்மா, இந்த வாதம் இன்னொருக்கா வந்தா இப்படித் தப்ப மாட்டார். பிரசர் குளிசையை விடக் கூடாது. மனசுல போட்டு வச்சிருக்க விடாதீங்க, கதைக்க வைங்க. சடார் எண்டு அதிர்ச்சி குடுக்கவும் வேணாம்.”

அந்தப் புள்ள சொன்னது இத்தனையும். நாங்க காதுல வாங்கினது கடைசியை மட்டும். தங்கச்சி, அவள்ட மனுசன், நான் எல்லாரும் கூடி இருந்து முடிவெடுத்தம். இனி இவர்ட காதுல ஒரு கெட்ட செய்தி போகப்படாது. நட்டம், சண்டை, சாவு ஒண்டும். வாயைக் கட்டிக்கொண்டு இரு எண்டு என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் சொன்னாங்க. “உன்ட வாய்தான் அக்கா பயம்” எண்டாள் தங்கச்சி.

அடுத்த வெள்ளாமையைத் தங்கச்சி மனுசனே ரெண்டு காணிக்கும் சேர்த்துப் பார்த்தான். இவர் வீட்டுல இருந்து, சின்னப் பந்து ஒண்டை அமத்தி அமத்திக் கைக்குப் பலம் எடுத்தார். தை மாசம் பால் கதிர் கிடக்கக்க மழை தொடங்கினது. அப்படி ஒரு மழை. குளம் நிரம்பி வான்கட்டுக்கு மேலால பாய்ஞ்சு, வட்டை முழுக்கத் தண்ணி. தண்ணி வடியப் பயிர் அழுகி நாறுதாம். குசினிக்குப் பின்னால என்னைக் கூப்பிட்டுத் தங்கச்சி மனுசன் சொன்னான், மெதுவா, களவு செய்த மாதிரி. “எல்லாம் போயிற்று மச்சாள். அண்ணன்ட காதுல போட்டிராதீங்க. திரும்பவும் வாதம் அடிச்சுப் போடும்.” சொல்லிப் போட்டு அவன் வேலிக்கு அங்கால போய், தங்கச்சியோட சேர்ந்து ஏசி அழுதிற்றுத் தேத்தண்ணி குடிச்சான். எனக்குச் சத்தம் கேட்டது. நான் எங்க போய் அழுற? உள்ளுக்குப் போனா இவர் இருக்கார்.

“மழை கூடத்தானே, வெள்ளாமை எப்பிடியாம்?” எண்டு கேட்டார்.

“நல்லாக் கிடக்காம்” எண்டன்.

அண்டையில இருந்து என்ட கஷ்ட காலம் தொடங்கினது. நான் ஒரு விசயத்தை ஒரு பகல் வச்சிருந்த ஆளில்ல. இது ஒவ்வொரு நாளும். அவருக்கு முன்னால சோத்தைச் சும்மா பிசைஞ்சு காட்டிப் போட்டுக் கோழிக்குக் கொட்டுவன். தலை இடிச்சுக்கொண்டே இருக்கும். கொதிச்ச கஞ்சியைக் கையில ஊத்திக்கொண்டன். கோழிக்கு ஏசினன், காகத்துக்கு ஏசினன், எதுக்கு ஏசணுமோ அதுக்கு மட்டும் ஏச ஏலாது. அவர் ஒவ்வொருக்கா வயலைப் பத்திக் கேட்கக்கயும் உடனே அந்த வாயைத்தான் பார்ப்பன், கோணுதோ எண்டு. இந்த மனுசனை நான் சாகடிச்சுப் போடுவனோ எண்ட பயம் ஒண்டுதான் அந்த நாளெல்லாம் என்னோட கிடந்தது.

கிளினிக் நாள் வந்தது. ரெண்டு பேரும் பஸ்ஸுல போனம். வழி நெடுக இறக்கி ஏத்திச் சோதனை, வெயில் வேற. வாங்குல வரிசையில குந்தி இருக்கக்க எனக்குக் கண் இருட்டிற்று. விழல்ல, சுவரைப் புடிச்சிற்றன். நேர்ஸ் ஓடி வந்து, அவருக்குக் கட்ட வச்சிருந்த பிரசர் பட்டியை என்ட கையில சுத்தினா. பார்த்தா. கழட்டித் திரும்பவும் சுத்திப் பார்த்தா. டொக்டரைக் கூப்பிட்டா.

“உங்களுக்குத்தான் பிரசர் கூடக் கிடக்கு அம்மா” எண்டா டொக்டர். “சாப்பாடு, நித்திரை எல்லாம் எப்படி? வீட்டுல ஏதும் கவலையா?”

“ஒரு கவலையுமில்ல” எண்டன். “நான் நல்லாத்தான் இருக்கன்.”

பக்கத்துல இருந்த மனுசன் கிறுகி என்ட முகத்தைப் பார்த்தார். எனக்கு வாய் கூட எண்டு ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? அந்த ‘நல்லாத்தான்’ என்ட கதையில்ல, அவர்ட கதை. கண்டுபுடிச்சிற்றார்.

“வெள்ளாமை போயிற்றா புள்ள?”

நான் டொக்டரைப் பார்த்தன். அந்தப் புள்ள அவர்ட மணிக்கட்டைப் புடிச்சுக்கொண்டு நிண்டா. இனி எங்க வச்சிருக்கிற? “போயிற்று மச்சான்” எண்டன். “ஒரு கதிர் மிஞ்சல்ல. எல்லாம் அழுகிப் போயிற்று.” சொல்லிப் போட்டு அவர்ட வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தன். கண்ணகை அம்மாளே, அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, என்ட எதிரிக்கும் அது வரப்படாது.

வாய் நடுங்கிச்சு. கோணல்ல. கண்ணால தண்ணி வந்திச்சு. கலியாணம் முடிச்சு அவ்வளவு வருசத்துல அவர் அழுது நான் பார்த்தது அண்டைக்குத்தான், அதுவும் கிளினிக் வாங்குல, சனத்துக்கு முன்னால. “கிளி திண்ட வருசமும் போனதுதான் புள்ள” எண்டார். “அதுக்கு முந்தின வெள்ளமும்… வரம்புல நிண்டு பார்த்தன், எனக்கு உலகமே இருண்டு போயிற்று. உன்னட்ட எப்பிடிச் சொல்லுற எண்டு…” ஒவ்வொண்டாச் சொன்னார். ஊரை விட்டு ஓடின நாள், செத்துப் போன மாடு, நான் மறந்தே போன நட்டமெல்லாம். நான் அழுது ஏசி எறிஞ்சதெல்லாத்தையும் அந்த மனுசன் ஒண்டு விடாமச் சேர்த்து வச்சிருந்திருக்கார்.

டொக்டர் இடையில மறிக்கல்ல. கதைச்சு முடிய அவர்ட பிரசரைப் பார்த்தா. கொஞ்சம் கூடத்தான் இருந்திச்சு, பொய் சொல்ல மாட்டன். “இது பயமில்ல, இறங்கும்” எண்டா. எனக்கும் குளிசை எழுதித் தந்தா. ரெண்டு பேரும் இண்டு வரைக்கும் குளிசை விழுங்குறம். அழுதாப் பிரசர் பறந்து போகும் எண்டு நான் சொல்ல வரல்ல. ஆனா அதுக்குப் பிறகு அவர் பிடரியைத் தேய்க்கிறதைக் கண்டா, “எது கிடக்கு உள்ளுக்கு, சொல்லுங்க” எண்டு கேட்பன். சில நாள் சொல்லுவார், சில நாள் சொல்ல மாட்டார். அந்த மனுசன் ஒரு நாளும் என்னைப் போல வாய்காரனாகல்ல.

அண்டைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்த உடனே தங்கச்சியையும் அவள்ட மனுசனையும் வேலிக்கு மேலால கூப்பிட்டார். என்ட கையில தொங்கின குளிசைப் பையைக் காட்டினார். கோபமில்ல, சத்தமும் போடல்ல.

“என்னைக் காப்பாத்திறம் எண்டு இவளைச் சாகடிச்சுப் போட்டிருப்பீங்களே மனே.”

தங்கச்சி மனுசன் தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டான். பிழை அவன்டயா, என்டயா, ஆர்ட எண்டு எனக்கும் தெரியல்ல. இவர்தான் திரும்பவும் கதைச்சார். “நாளைக்கு நானும் வாறன். போனதைப் பார்க்கணும்.”

நான் வேணாம் எண்டன். வெயில், துறை, தோணி, அழுகின வயல், எல்லாத்தையும் சொல்லிக் கத்தினன். தங்கச்சியும் வேணாம் எண்டாள். அவர் கேட்கல்ல. விடியக் குளிசையை விழுங்கிப் போட்டு, கிளினிக் கொப்பியைச் சட்டைக்குள்ள வச்சுக்கொண்டு போயிற்றார். எனக்கு அண்டைக்கு ஒரு வேலையும் ஓடல்ல. கரைக்குப் போறதும் வாறதுமா நிண்டன்.

பின்னேரம் வந்தார். கால் கழுவல்ல. படலையடியில நிண்டே சொல்லத் தொடங்கினார், தங்கச்சி மனுசன் சொல்லுற மாதிரி, கையை வீசி. “மேட்டுப் பக்கமும் போயிற்று புள்ள. வாய்க்கால் வரம்பு உடைஞ்சு கிடக்கு. வரம்புல நிற்க ஏலா, அப்பிடி நாத்தம். எனக்கு அழுகை வந்திற்று, அழுதன். இவனும் அழுதான்.” நான் அடுப்பை விட்டிற்று வந்து எல்லாத்தையும் கேட்டன். இடையில வாய் குடுக்கல்ல. சொல்லி முடிஞ்சு, “பசிக்குது, சோத்தைப் போடு” எண்டார்.

திண்டார். மறுசோறும் கேட்டார். கை கழுவின ஈரத்தோட பாயில சாய்ஞ்சார், இன்னும் பொழுது படல்ல, அப்படியே நித்திரையாகிற்றார். நான் கிட்டப் போய்க் குந்தி இருந்து அவர்ட வாயைப் பார்த்தன். நேராத்தான் இருந்திச்சு. லேசாத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டு.